சாட்சியத்தைக் குடித்த மச்சினன்

வழக்கின் ஒரே சாட்சியத்தை மச்சினன் குடித்துவிட்டான்.

குடித்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சப்புக்கொட்டினான். கப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத்தான் துறைத்தலைவர் அறைக் கதவு திறந்து, மாமாவும் துறைத்தலைவரும் வெளியே வந்தார்கள்.

மச்சினன் என்பது அவன் பெயரில்லை, பதவி. மாமா துப்பறிவாளர், அவர் மனைவி அவனுக்கு அக்கா. "என் தம்பி வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருக்கான், நீங்க பாட்டுக்கு வெளியாளை உதவிக்கு வெச்சிருக்கீங்க" என்று அக்கா ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். மறுநாள் வெளியாள் வீட்டுக்குப் போனார், வீட்டாள் வேலைக்கு வந்தான். எத்தனையோ கேடிகளை மடக்கிய மாமா, இந்த ஒரு தீர்ப்பை எதிர்த்து மட்டும் அப்பீல் போகவில்லை.

"தம்பி, அந்த ஃபிளாஸ்க்ல இருந்த டீ..." என்று ஆரம்பித்தார் துறைத்தலைவர்.

"நல்லா இருந்துச்சு மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி."

மாமா கண்ணை மூடித் திறந்தார். "மாப்ள, உள்ள போகும்போது உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"இங்க இருக்கற எதையும் எடுக்காதன்னு."

"நீ என்ன பண்ணின?"

"எங்கயும் எடுத்துட்டுப் போகல மாமா. இங்கயே வெச்சுக் குடிச்சுட்டேன்."

துறைத்தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறைக்குப் பல வருடங்களாக அவர்தான் தலைவர். மாணவர்கள் வைத்த பெயர் டோஸ் மேடம். மருந்தின் அளவைப் பற்றிப் பாடம் எடுப்பதால் வந்த பெயர் என்று ஒரு கட்சி. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அவர் விடும் டோஸினால் வந்த பெயர் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் ஏராளம்.

மச்சினன் குடித்தது என்ன என்பதை டோஸ் மேடம் அவனுக்கு விளக்கினார். மருந்து அலமாரியில், பூட்டுக்குள்ளே, தூக்க மருந்துப் பொடி ஒரு பாட்டில் இருக்கிறது. கழுத்து வரைக்கும் இருந்த பொடி, அவர் மூன்று வாரம் லீவில் போய்விட்டு நேற்றுத் திரும்பிப் பார்த்தபோது பாதிதான் இருந்தது. நேற்று மத்தியானம் துறைக் கூட்டம். கூட்டத்தில் அவரைத் தவிர எல்லாரும் டீ குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாகத் தூங்கி விழுந்தார்கள். அந்த டீ வந்தது இந்த ஃபிளாஸ்க்கில். போலீசுக்குப் போனால் இப்படிப்பட்ட மருந்தை வைத்துக்கொள்ளும் அனுமதியே பறிபோய்விடும் என்றுதான் மாமாவை ரகசியமாகக் கூப்பிட்டிருக்கிறார்.

"மிச்ச டீயை வெளியே ஒரு லேபுக்கு அனுப்பலாம்னு இருந்தோம்" என்றார் டோஸ் மேடம்.

"இனிமே என்னைத்தான் அனுப்பணும்" என்றான் மச்சினன். சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. "மேடம், எனக்கு என்ன ஆகும்?"

"அது டோஸைப் பொறுத்தது."

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அதுவும் டோஸைப் பொறுத்தது."

சொல்லிக்கொண்டே நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்பது போலத் தலையாட்டினார். ஆனால் வாத்தியார் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா. பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"முதல்ல வாய் உலரும்."

மச்சினனுக்கு வாய் உலர்ந்தது.

"அப்புறம் காது அடைக்கற மாதிரி இருக்கும். அப்புறம் கண் இமை கனக்கும். கடைசில பக்கத்துல பேசறவங்க எங்கயோ தூரத்துல பேசற மாதிரி கேக்கும்."

கடைசி வாக்கியம் மச்சினனுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. மாமா அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய், பக்கத்தில் இருந்த செய்முறை வகுப்பறை பெஞ்சில் சாய்த்தார். தலை மரத்தில் படுவதற்கு முன்னாலேயே குறட்டை வந்துவிட்டது.

*

விழித்தபோது அவன் யாருடைய கையையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். குளிர்ந்த கை. முழங்கைக்கு மேலே ஆளே இல்லை.

"கத்த வேண்டாம், ரப்பர் கைதான்" என்றது ஒரு குரல். "ஊசி போட்டுப் பழகறதுக்கு வெச்சிருக்கோம். கொஞ்சம் விடறீங்களா? அடுத்த கிளாஸுக்கு வேணும்."

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிரே நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். முகத்தில் மரியாதை இருந்தது, அன்பு இல்லை.

"ரொம்ப நேரமா பிடிச்சிட்டு இருக்கேனா?"

"நிச்சயதார்த்தம் முடிஞ்ச மாதிரிதான். இனிமே தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி."

மச்சினன் கையை விட்டான். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சு அவன் வாயிலிருந்துதான் வரும். தன் பிழைப்பில் வேறு யாரோ கைவைத்த மாதிரி இருந்தது. "நீங்க யாரு?"

"இங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு. நேத்து டீ போட்டதும் நான்தான். ஆராய்ச்சி மாணவின்னா பாதி ஆராய்ச்சி, பாதி டீ." ரப்பர் கையை எடுத்துத் துணியால் துடைத்தாள். "அந்தப் பொடியும் என் ஆராய்ச்சிக்குன்னு வாங்கினதுதான். எலி இன்னும் வந்து சேரல, அதனால பாட்டிலைத் திறக்கக்கூட இல்ல. மேடம் லீவுல போறப்ப அலமாரிச் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. வேற யார்கிட்டயும் சாவி கிடையாது."

"அப்ப சந்தேகம் உங்க மேல."

"நேத்து வரைக்கும் சந்தேகம். இன்னிக்கு நீங்க அந்த டீயைக் குடிச்சுத் தூங்கிக் காட்டிட்டீங்க. இப்ப ஆதாரம். மத்தியானம் கமிட்டி உக்காரும். என் பேரை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடுவாங்க. மூணு வருஷம் போச்சு. வேற எந்தக் காலேஜும் சேத்துக்காது."

அவள் குரல் உடையவில்லை. ஆனால் துடைத்து முடித்த ரப்பர் விரல்களை மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். மச்சினன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை உருப்படியாகச் செய்து முடித்திருக்கிறான், தூங்கியிருக்கிறான். அதற்கு இந்தப் பெண்ணின் தலை உருளப் போகிறது.

"நான் பண்ணலன்னு நேரா சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னேன். பண்ணினவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதனால இந்தச் சோதனையில வித்தியாசம் தெரியாதுன்னுட்டாங்க மேடம்."

"சரி, எங்கிட்ட சொல்லுங்க. பண்ணீங்களா, இல்லையா?"

"நான் என்ன சொன்னா நீங்க தூங்கினது இல்லன்னு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, கையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மாமா, இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாங்களா?"

"படிச்சவங்க மாப்ள. எழுந்திரு. நீ தூங்கின விஷயத்தை உன் அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

"வேண்டாம் மாமா. கால்ல விழறேன்."

"விழுந்தா அங்கயே தூங்கிடுவ. வா."

*

நேற்றுத் தூங்கிய ஆசிரியர்களில் ஒருவரை விரிவுரைக் கூடத்தில் பிடித்தார்கள். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மலை சார். பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்கத் தேவையில்லை. கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார், அவர் நகர்ந்தபோதுதான் அங்கே இன்னும் எழுத்து மிச்சமிருப்பதே தெரிந்தது. 'சர்க்கரை மாத்திரையும் நோயாளியின் நம்பிக்கையும்' என்று இருந்தது.

"இது என்ன பாடம் சார்?" என்றார் மாமா.

"மருந்தே இல்லாத மாத்திரை. சும்மா சர்க்கரைதான். ஆனா மருந்துன்னு சொல்லிக் குடுத்தா பாதிப் பேருக்கு வலி போயிடும். வருஷா வருஷம் நான்தான் எடுக்கறேன். பசங்க நம்பவே மாட்டாங்க."

"நேத்து எவ்வளவு டீ குடிச்சீங்க?"

"அரை கப். எனக்குச் சர்க்கரை ஆகாது. அந்த அரை கப்புக்கே அப்படி ஒரு தூக்கம் சார். கூட்டம் ஆரம்பிச்சதும் மேடம் எழுந்து, தூக்க மருந்துப் பொடி காணாம போயிருக்கு, யாரும் கண்டதையும் குடிச்சு வைக்காதீங்கன்னு சொன்னாங்க. நாங்க ஏற்கெனவே குடிச்சு முடிச்சிருந்தோம். கொஞ்ச நேரத்துல வாய் உலந்துச்சு. காது அடைச்சுது. இமை கனத்துச்சு. கடைசில மேடம் குரல் எங்கயோ தூரத்துல கேட்டுது."

மச்சினன் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எனக்கும் அதேதான் மாமா. அதே வரிசை."

அடுத்துப் பார்த்தது ஊசி மேடத்தை. ஊசி போடச் சொல்லிக்கொடுப்பவர். ஆளும் ஊசிதான், மலை சாரின் நிழலில் உட்கார்ந்தால் கண்டுபிடிக்க ஆள் அனுப்ப வேண்டும். மாணவர்களை ரப்பர் கையில் வரிசையாக ஊசி குத்தவைத்துக்கொண்டே பேசினார்.

"நானா? மூணு கப் குடிச்சேன். எனக்கு டீ இல்லாம மீட்டிங்ல உக்கார முடியாது. அப்புறம் வாய் உலந்துச்சு..."

"காது அடைச்சுது" என்றான் மச்சினன்.

"ஆமா."

"இமை கனத்துச்சு."

"ஆமா தம்பி."

"மேடம் குரல் தூரத்துல கேட்டுது."

"நீங்களும் மருந்தியல் படிச்சவரா?"

"இல்ல மேடம், இன்னிக்குக் காலையிலதான் செய்முறை முடிச்சேன்."

மாமா இடையில் புகுந்தார். "மலை சார் முதல்ல தூங்கினாரா, நீங்களா?"

"சேந்துதான். அவர் தலை என் தோள்ல விழுந்துச்சு. நல்லவேளை நான் அதுக்குள்ள தூங்கிட்டேன், இல்லன்னா வலிச்சிருக்கும்."

வெளியே வந்ததும் மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். "முடிஞ்சுது மாமா. மூணு பேருக்கும் அச்சடிச்ச மாதிரி அதே அறிகுறி. இனிமே அந்தப் பொண்ணைக் காப்பாத்த முடியாது."

"அச்சடிச்ச மாதிரின்னு சொன்னியே" என்றார் மாமா, "எங்க அச்சடிச்சிருக்கு?"

தாழ்வாரத்தில் போன ஒரு மாணவியை நிறுத்திக் கேட்டார்கள். அவள் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தாள். எழுதியவர் டோஸ் மேடம்தான், அட்டையில் அவர் படம் போட்டிருந்தது, அட்டையிலிருந்துகூட யாரையோ முறைத்துக்கொண்டு. தூக்க மருந்துப் பக்கத்தைத் திருப்பினாள். வாய், காது, இமை, குரல். அதே வரிசை. இந்தத் துறையில் எல்லாரும் அதை வைத்துத்தான் பாடம் எடுக்கிறார்கள்.

மாமா விசில் அடிக்கவில்லை. அடிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தார். "கூட்டத்துல தூங்காதவங்க யாராவது இருக்காங்களா?"

ஒருவர் இருந்தார். பெயர் லேட் சார். அவரைப் பார்ப்பதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. வந்ததும் வராததுமாகப் புலம்ப ஆரம்பித்தார்.

"நேத்துக் கூட்டத்துல மேடமைத் தவிர முழிச்சிட்டிருந்தது நான் ஒருத்தன்தான் சார். அதனால தேர்வு வேலை, விடுதி வேலை, ஆண்டுவிழா வேலை எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல ஆள் இல்லாம எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க."

"நீங்க டீ குடிக்கலையா?" என்றார் மாமா.

"குடிக்காம? நான் போறப்ப மத்தவங்க குடிச்சு முடிச்சிட்டாங்க. மிச்சம் இருந்ததை நானே ஊத்தி ஊத்திக் குடிச்சேன். ஃபிளாஸ்க்கைக் கவுத்தே பாத்துட்டேன், ஒரு சொட்டு மிச்சமில்ல."

"நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி மேடம் பொடி காணாம போன விஷயத்தைச் சொல்லி முடிச்சிட்டாங்க, இல்லையா?"

"என்ன பொடி?" என்றார் லேட் சார்.

மச்சினனின் மூளை மாடிப்படி ஏறுகிற கனத்த ஆளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறியது. கடைசிப் படியில் நின்றது.

"மாமா. நேத்து டீயை இவர் ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டாரு."

"ஆமா."

"அப்ப நான் குடிச்சது என்னது?"

ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் போய்க் கேட்டார்கள். அவள் கையை உதறிக்கொண்டு சொன்னாள்: "அந்த ஃபிளாஸ்க்கா? காலையில கழுவி வெச்சேன். யாரோ பெரியவங்க வர்றாங்கன்னு மேடம் சொன்னாங்க. அதான் நானே கடைக்குப் போய் டீ வாங்கி ஊத்தி வெச்சேன். ஏன், சர்க்கரை கம்மியா இருந்துச்சா?"

*

"நான் மட்டும் ஏன் மாமா தூங்கினேன்?" என்று மச்சினன் மாடிப்படியில் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"தூங்கிடுவேன்னு சொன்னாங்க, நீ தூங்கிட்ட. எழுந்து வேலையைப் பாருன்னு தினமும் உன் அக்கா சொல்றா, அது மட்டும் உன் காதுல ஏறாது." மாமா நின்றார். "நிஜ மருந்து ஆளைப் பாத்துதான் வேலை செய்யும். மூணு கப் குடிச்ச ஊசி மேடத்தைச் சீக்கிரமா சாய்க்கும். அரை கப் குடிச்ச மலை சாரைச் சாய்க்க ரொம்ப நேரமாகும். இங்க ரெண்டு பேரும் சேந்து விழுந்திருக்காங்க, புத்தகத்துல இருக்கற அதே வரிசையில. பொடி விஷயம் தெரியாத ஒருத்தர் மட்டும் முழுசா குடிச்சிட்டு முழிச்சிட்டு இருந்திருக்காரு. மருந்து டீயில இல்ல மாப்ள. மேடம் சொன்ன பேச்சுல இருந்துச்சு."

மச்சினனுக்கு நெஞ்சு லேசானது. அந்தப் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓடினான். துறைத்தலைவர் அறைக்குள் கமிட்டி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது: நடுவில் டோஸ் மேடம், ஒரு பக்கம் மலை சார், இன்னொரு பக்கம் ஊசி மேடம். லேட் சார் வரவில்லை. மேசையின் எதிர்ப்புறம் ஆராய்ச்சிப் பெண் தனியாக நின்றிருந்தாள்.

"டீயில ஒண்ணுமே இல்ல" என்றான் மச்சினன், மூச்சு வாங்க.

மாமா பின்னாலேயே வந்து விளக்கினார். விளக்க விளக்க, மலை சாரின் காது சிவந்தது. வருடா வருடம் அந்தப் பாடத்தை எடுப்பவர் அவர்தான். ஊசி மேடம் மேசை விரிப்பில் இல்லாத தூசியைத் தட்டினார்.

டோஸ் மேடம் மட்டும் அசையவில்லை. முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"சரி. டீயில மருந்து இல்லன்னே வெச்சுக்குவோம். அப்ப பாதிப் பொடி எங்க போச்சு? டீயில போடலன்னா கேம்பஸை விட்டு வெளியே போயிருக்கணும். அது இன்னும் பெரிய குத்தம். இனிமே ஆராய்ச்சியில இருந்து எடுத்தா மட்டும் பத்தாது. போலீசுக்கே எழுதிக் குடுத்தாகணும்."

ஆராய்ச்சிப் பெண் மச்சினனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தூங்கி அவளை மாட்டிவிட்டவன், முழித்துக்கொண்டு இன்னும் ஆழமாக மாட்டிவிட்டான். அவனுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த பாட்டிலைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் மாமா.

டோஸ் மேடம் அலமாரியைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தார். மாத்திரை டப்பா மாதிரி குட்டையாக, அகலமாக, வாயும் வயிறும் ஒரே அளவில் இருந்தது. பாதி வரைக்கும் வெள்ளைப் பொடி.

"லீவுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு மேடம்?"

"அதான் சொன்னேனே, கழுத்து வரைக்கும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் ஞாபகத்துக்கா சந்தேகம்? கழுத்து வரைக்கும். கண்ணால பாத்தேன்."

மாமா பாட்டிலைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மிகுந்த பணிவோடு கேட்டார்: "இதுக்குக் கழுத்து எங்க மேடம் இருக்கு?"

எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள். அதற்குத் தோள்கூட இல்லை. மலை சார் தன்னையறியாமல் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். அங்கேயும் அதிகம் கிடைக்கவில்லை.

"மாமா" என்றான் மச்சினன், ஜன்னலைப் பார்த்தபடியே. "கழுத்து இங்க இருக்கு."

ஜன்னல் ஓரத்தில், பழுப்பு நிறத்தில், நீளக் கழுத்தோடு ஒரு கண்ணாடி பாட்டில் நின்றது. அதில் ஒரு கொடி சொருகியிருந்தது. தலையைத் தொங்கப் போட்டு, இலைகள் சுருண்டு, கேட்பாரற்றுக் கிடந்தது.

"செடிகூட இந்தத் துறையில தூங்குது" என்றான் மச்சினன்.

"அதுக்கு மூணு வாரமா தண்ணி ஊத்த ஆள் இல்ல" என்று மாமா பாட்டிலைத் திருப்பினார். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் மருந்துக் கம்பெனியின் லேபிள் பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்க மருந்தின் பெயர். அதன் கீழே எடை. "உங்க துறையில எத்தனை தராசு இருக்கு மேடம்?"

"ஆறு."

"காணாம போச்சுன்னு சொல்ற பொடியை யாராவது எடை போட்டுப் பாத்தீங்களா?"

ஒரு மில்லிகிராம் கூடிவிட்டால் மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற மூன்று பேர், பொடியைக் கண்ணால் அளந்திருக்கிறார்கள். பால்காரர்கூடச் செய்யாத வேலை.

ஊசி மேடம்தான் எழுந்தார். பக்கத்து அறைத் தராசில் தாளை விரித்து, பாட்டிலைக் கவிழ்த்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். எண் ஏறியது, தயங்கியது, நின்றது. மச்சினன் லேபிளைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், மறுபடி லேபிளைப் பார்த்தான். அவன் கணக்கில் புலி இல்லை. ஆனால் இரண்டு எண்ணும் ஒன்றே என்று கண்டுபிடிக்கப் புலி தேவையில்லை.

"குறையவே இல்ல" என்றார் ஊசி மேடம். "குறுகலான பாட்டில்ல கழுத்து வரைக்கும் நின்னது, அகலமான பாட்டில்ல பாதிக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்."

ஆராய்ச்சிப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எல்லாக் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. செடி வாடியிருந்த லட்சணத்தைப் பார்த்தால் பாட்டில் மாறியது லீவுக்கு முன்னால். அப்போது சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. செடி இருப்பதும் அவருடைய ஜன்னலில்தான். மாமாவுக்குக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. அவர் நாகரிகமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மச்சினனுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

"பாட்டிலை மாத்தினது யாரு மேடம்?"

டோஸ் மேடம் தொண்டையைக் கனைத்தார். "மூடியில விரிசல் விட்டா ஈரம் இறங்கும். அப்ப வேற பாட்டிலுக்கு மாத்தறதுதான் முறை."

"முறையைக் கேக்கல மேடம். யாரு?"

"அன்னிக்கு என் பொண்ணு வேற வீடு மாத்திட்டு இருந்தா. போன்லயே இருந்தா. எந்த டப்பாவுல எதைப் போடறது, எதை எதுக்கு மாத்தறதுன்னு விடாம கேட்டுட்டு இருந்தா. நானும் இங்க கைவேலையைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லிட்டு இருந்தேன். ஒரு மனுஷிக்கு ஒரே நேரத்துல எவ்வளவு ஞாபகம் இருக்கும்ங்கறது..."

டோஸைப் பொறுத்தது என்று அவர் முடிப்பதற்குள் மச்சினன் குறுக்கே கையை நீட்டிவிட்டான். அக்காவிடம்கூட அவன் இப்படிப் பேசியதில்லை.

"மேடம், நான் படிக்காதவன். எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காலையிலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. இந்தப் பொண்ணு மேல தப்பு இருக்கா, இல்லையா?"

டோஸ் மேடம் அவனைப் பார்த்தார். மலை சாரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நேற்றிலிருந்து முதல்முறையாக, எதிரே நின்ற பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "தப்பு என்னோடது."